பத்து மூலை வீடு: டோம் கட்டிக் குடியிருக்க என் குறிப்புகள்

முதலில் ஒரு ஈர்க்குமாறும் மூன்று மீட்டர் சைக்கிள் வால்வு டியூபும் வாங்கிக்கொள்ளுங்கள். சிமென்ட், கம்பி, கொத்தனார் எல்லாம் அப்புறம். முக்கோணங்களைக் கோத்துக் கவிழ்த்த கிண்ணம் போல எழுப்புவதுதான் டோம், அதற்கு முதலில் ஒரு கைமாதிரி செய்வோம். ஈர்க்குச்சியை 12.4 செ.மீ. நீளத்தில் 35 துண்டும், 10.9 செ.மீ. நீளத்தில் 30 துண்டும் நறுக்குங்கள். நீளமானதற்கு நெட்டை, மற்றதற்குக் குட்டை என்று பெயர் வைத்துக்கொள்வோம். வால்வு டியூபைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஊசி நூலால் நான்கு, ஐந்து, ஆறு என்று கோத்தால் முடிச்சுகள் கிடைக்கும். நான்கு கால் முடிச்சு 10, ஐந்து கால் முடிச்சு 6, ஆறு கால் முடிச்சு 10. ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போய்விடும்.

உச்சியில் ஒரு ஐந்து கால் முடிச்சு. அதிலிருந்து ஐந்து குட்டைகள் இறங்கும். அவற்றின் நுனிகளை நெட்டைகள் சுற்றிக் கட்டும். எங்கெல்லாம் ஐந்து கால் முடிச்சு வருகிறதோ அங்கெல்லாம் இதே கதைதான்: நடுவிலிருந்து குட்டை, சுற்றிலும் நெட்டை. அடி வளையம் பத்தும் நெட்டை. முடித்தபின் உள்ளங்கையால் உச்சியை அழுத்திப் பாருங்கள், நெளியாது. இப்போது அடி வளையத்தில் ஒரே ஒரு குச்சியை உருவிவிட்டு மறுபடி அழுத்துங்கள். கால் விரிந்துகொண்டு போகும். இந்த இரண்டையும் கையால் உணர்ந்துவிட்டால், இனி நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நான் 31 வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றதும் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் தகர ஷீட் போட்ட ஒரு அறையில்தான் முதலில் குடியிருந்தேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்பதை இங்கே நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஓர் ஆடி மாதத்து ராத்திரி இரண்டு ஷீட் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தென்னந்தோப்பில் விழுந்தது. நல்ல வேளை, அங்கே யாரும் படுத்திருக்கவில்லை. காற்றுக்கு முகம் கொடுக்காத வீடு வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். தம்பிக்கு வெல்டிங் பட்டறை இருந்தது, எனக்கு முக்கோணவியல் தெரிந்திருந்தது. துணிச்சலுக்கு அவ்வளவுதான் காரணம்.

கூடு எளிது, தோல்தான் வீடு

இப்படிக் கூடு கட்டும் முறைக்கு 1954இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 1960இல் இலினாய் மாநிலத்துக் கார்பண்டேலில் மரப்பலகை முக்கோணங்களால் ஆன டோம் ஒன்றைக் கட்டி மனைவியோடு குடியேறினார். ஆனால் அந்தக் காப்புரிமைக்கு முப்பது வருஷம் முன்பே ஜெர்மனியின் யேனா நகரில், ஸைஸ் நிறுவனத்தின் கோளரங்க வேலைக்காக வால்டர் பவர்ஸ்ஃபெல்ட் என்ற பொறியாளர் இரும்புக் கம்பியால் இப்படி ஒரு கூடு கட்டி, மேலே மெல்லிசாகக் கான்கிரீட் பூசிவிட்டார். நான் பின்பற்றியது யேனாக்காரரை.

காரணம் கணக்குதான். பலகையோ ஷீட்டோ வைத்து முக்கோணம் முக்கோணமாக மூடினால், என் அளவு டோமில் 40 முக்கோணங்கள், அவற்றுக்கு நடுவே 55 இணைப்புகள். நீளத்தைக் கூட்டினால் 98 மீட்டருக்கு மேல் வருகிறது. அத்தனை மீட்டரும் ஐப்பசி மழைக்கு நேராகக் காட்டப்பட்ட தையல். சாதாரணக் கூரையில் ஓடு ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும், அதனால் தண்ணீர் உள்ளே வர வழியில்லை. டோமில் பசையை நம்ப வேண்டும். வெயிலில் பசை காயும், பலகை விரியும், சுருங்கும். 1970களின் தொடக்கத்தில் டோம் கட்டும் வழிகாட்டிகளை வெளியிட்டு அமெரிக்காவில் பலரைக் கட்டவைத்த லாயிட் கான், பிறகு மனம் மாறி அவற்றை அச்சிடுவதையே நிறுத்திவிட்டார். அவர் சொன்ன குறைகளில் ஒழுகலும் ஒன்று. மான்ட்ரியாலில் 1967 கண்காட்சிக்கு ஃபுல்லர் கட்டிய 76 மீட்டர் விட்டமுள்ள கோளத்தைப் பாருங்கள். 1976இல் தீப்பிடித்து அக்ரிலிக் தோல் முழுக்க எரிந்துபோனது. இரும்புக் கூடு இன்றைக்கும் நிற்கிறது.

அதனால் கவனத்தையும் பணத்தையும் தோலுக்கு ஒதுக்குங்கள். கூடு இரண்டு நாள் வேலை.

பைப்பு நீளம் சொன்ன அளவு

ஆரத்தை 0.618ஆல் பெருக்கினால் நெட்டை. 0.5465ஆல் பெருக்கினால் குட்டை. இவ்வளவுதான் சூத்திரம். வட்டத்துக்குள் வரையும் பத்துகோணத்தின் பக்கமும் ஆரத்தின் 0.618 மடங்குதான் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதையே சுண்ணாம்புக் கோடாகத் தரையில் போடுவேன் என்று நினைத்ததில்லை.

நான் முதலில் ஆரம் 3.5 மீட்டர் என்று வைத்தேன். தம்பி கணக்குப் பார்த்துவிட்டு, "அக்கா, பைப்பு ஆறு மீட்டர்தான் வரும். உன் நெட்டையில ரெண்டுதான் வெட்ட முடியும், ஒன்றரை மீட்டர் துண்டு வீணாப் போகும்" என்றான். ஆகவே ஆரத்தை 3.1 மீட்டராகக் குறைத்தோம். நெட்டை 191.6 செ.மீ., குட்டை 169.4 செ.மீ. இவை ஓட்டைக்கு ஓட்டை உள்ள நீளம். இரண்டு நுனியிலும் 2.5 செ.மீ. கூடுதலாக விட்டால் வெட்டும் நீளம் 196.6, 174.4. ஆறு மீட்டர் பைப்பில் எதை வெட்டினாலும் மூன்று. மொத்தம் 22 பைப்பு, ஒரு நெட்டை மிச்சம். விலைக்கு வாங்கிய பொருளே அளவைச் சொல்லட்டும்.

ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பு (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), நடுத்தரக் கனமான பி கிளாஸ் எடுத்தோம். நுனிகளைப் பிரஸ்ஸில் வைத்துத் தட்டையாக்கி, அரை அங்குல போல்ட்டுக்கு ஓட்டை போட்டு, பிறகு வளைக்க வேண்டும். நெட்டைக்கு 18 டிகிரி, குட்டைக்கு 16 டிகிரி. தட்டும்போது நீளம் கொஞ்சம் மாறும், ஆகவே ஓட்டை தட்டிய பிறகுதான். 65 பைப்பையும் ஒவ்வொன்றாக அளக்காதீர்கள். ஒரு சட்டத்தில் நெட்டைக்கு 191.6க்கு இரண்டு முளை, குட்டைக்கு 169.4க்கு இரண்டு முளை அடித்து, அதில் வைத்தே எல்லாவற்றுக்கும் ஓட்டை போடுங்கள். தட்டின இடத்தில் துத்தநாகப் பூச்சு வெடித்துவிடும், அங்கே ஜிங்க் பிரைமர் இரண்டு கோட்டு. முடிச்சுகளை வெல்டிங் செய்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன். ஜி.ஐ. பைப்பைச் சூடாக்கினால் எழும் புகை ராத்திரி காய்ச்சலில் கொண்டுபோய் விடும் என்று தம்பி மறுத்துவிட்டான். நியாயம்தான். 26 முடிச்சு, 26 போல்ட், அவ்வளவில் முடிந்தது.

நெட்டைக்குச் சிவப்புப் பெயின்ட், குட்டைக்கு நீலம் அடித்துவிடுங்கள். இது அலங்காரம் இல்லை. பட்டறைப் பையன் ஒரு நெட்டைக்கு நீலம் அடித்துவிட்டான். மேல் வரிசை வந்தபோது கூடு ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, கடைசி ஓட்டை மூன்று விரல் தள்ளி நின்றது. எந்தப் பைப்பு என்று கண்டுபிடிக்கச் சாயங்காலமாகிவிட்டது.

கடக்கால், சுவர், பெல்ட்

எங்கள் மண் செம்மண் சரளை. இரண்டடியில் கெட்டி கிடைத்தது, கருங்கல் கட்டி மேலே பிளின்த் பெல்ட் (தரை மட்டத்தில் சுற்றிவரும் கான்கிரீட் பட்டை) போட்டோம். கரிசல் மண்ணாக இருந்தால் நான் செய்ததைப் பார்த்துச் செய்யாதீர்கள். மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிக்கிற மண்ணுக்குத் தனியாக ஒரு பொறியாளரின் யோசனை வேண்டும்.

டோமை நேராகத் தரையில் உட்காரவைக்காதீர்கள். ஓரத்தில் நிமிர்ந்து நிற்க முடியாது, தலை இடிக்கும். நாலடி உயரத்துக்குப் பத்துகோணமாக ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பினேன். அதன்மேல் கான்கிரீட் பெல்ட், அதன்மேல் டோம். நடுவில் உயரம் 14 அடி வந்தது. தரை பெல்ட் கணக்கில் 304 சதுர அடி, சுவர் கனம் போக உள்ளே 280.

ஈர்க்குச்சியை உருவினபோது கால் விரிந்ததே, அப்படி விரியாமல் பிடித்து வைப்பது இந்த பெல்ட்தான். கம்பி அளவை நானாக முடிவு செய்யவில்லை, பொறியாளரிடம் மாதிரியைக் காட்டி வாங்கினேன். பெல்ட் போடும்போதே இரண்டு வேலையைச் சேர்த்து முடித்துவிட வேண்டும். பத்து மூலையிலும் ஓரடி உள்ளே இறங்குகிற ஆங்கர் போல்ட். வெறும் கூடாக நிற்கும்போது காற்று தள்ளினாலும் நகராது. அப்புறம், பெல்ட்டை வெளிப்பக்கம் ஒன்பது அங்குலம் நீட்டி, அடியில் ஒரு தண்ணீர்க் காடி. டோமுக்கு இறவாணம் கிடையாது. பெய்கிற மழை முழுக்கச் சுவர்மேலேயே வழியும். இந்த நீட்டல்தான் சுவருக்கும் ஜன்னலுக்கும் குடை.

கொத்தனாருக்கு மூலை மட்டம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "மூலையே இல்லீங்களே டீச்சர், வாஸ்து எங்கீங்க பாக்குறது?" என்றார். "பத்து மூலை இருக்கு, பிடிச்ச மூலையை ஈசானியம்னு வெச்சுக்குங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நடுவில் முளை அடித்து, 3.1 மீட்டருக்குக் கயிறு கட்டி வட்டம் போட்டு, அதில் 191.6 செ.மீ. குச்சியை வைத்துப் பத்துப் புள்ளி குறித்தோம். பத்தாவது தடவை வைத்த குச்சியின் நுனி முதல் புள்ளியில் வந்து உட்கார்ந்ததும்தான் அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்தது. எதிரெதிர் மூலைகள் 6.2 மீட்டர் இருக்கிறதா என்று ஐந்து தடவை அளந்துவிட வேண்டும்.

கூடு ஏற்றுவது

தை மாதம் காற்று அடங்கியிருக்கும், அப்போது வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் போதும். கீழ் வரிசையிலிருந்து சுற்றிச் சுற்றி மேலே போக வேண்டும். போல்ட்டுகளைக் கையால் திருகி மட்டும் விடுங்கள். கடைசிப் போல்ட் உள்ளே போன பிறகுதான் ஸ்பானர். ஒரு முடிச்சை முன்னாலேயே இறுக்கினால் எதிர்ப்பக்கம் ஓட்டை சேராது. உச்சிப் போல்ட்டை மாட்டி எல்லாவற்றையும் இறுக்கியதும், ஆடிக்கொண்டிருந்த கூடு கல்லாக நின்றது. தம்பி மேலே ஏறி உட்கார்ந்து டீ கேட்டான்.

தோல்

இனிமேல்தான் விஷயம். ஃபெரோசிமென்ட் என்பார்கள். கோழி வலைமேல் அடர்த்தியான சிமென்ட் பூச்சு, கனம் ஒன்றரை அங்குலம். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் ஆறு மி.மீ. கம்பியை ஆறு அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கட்டினோம். வெளியே இரண்டு அடுக்குக் கோழி வலை, உள்ளே ஒரு அடுக்கு. சாணுக்கு ஒரு இடத்தில் கட்டுக்கம்பியால் எல்லாவற்றையும் சேர்த்து முறுக்க வேண்டும். வலையைத் தட்டினால் தொளதொளவென்று ஆடக்கூடாது. மூன்று பெண்கள் ஒன்பது நாள் முறுக்கினார்கள். இந்தக் கூலியில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். தொளதொளத்த இடத்தில்தான் பூச்சு பின்னால் வெடிக்கும்.

பூசுவதற்கு முன்னாலேயே கரண்ட் பைப்பையெல்லாம் கூட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பின்னால் காடி வெட்டினால் வலை அறுந்துவிடும். வீடே இரும்புக் கூண்டு, ஆகவே கூட்டுக்குத் தனியாக எர்த் கம்பி கட்டாயம்.

கலவை ஒன்றுக்கு இரண்டு: ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு சலித்த பி சாண்ட் (பூச்சு வேலைக்கான அரைத்த மணல்). மூட்டைக்கு 20 லிட்டர் தண்ணீருக்குமேல் விடக்கூடாது. கொத்தனார்கள் கலவை இளகலாக இருந்தால் கை சுலபமாக ஓடும் என்று இன்னொரு வாளி ஊற்றப் பார்ப்பார்கள், அங்கேயே நில்லுங்கள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பரப்பு 56 சதுர மீட்டர், சேதாரம் சேர்த்து 35 மூட்டை சிமென்ட் போயிற்று. காய்ந்தபின் தோலின் எடை மட்டும் சுமார் 5 டன். அதனால் ஒரு பக்கமாக உச்சி வரை பூசிக்கொண்டு போகாதீர்கள். கீழிருந்து வளையம் வளையமாகச் சுற்றி ஏற வேண்டும், சுமை எல்லாப் பக்கமும் சமமாக ஏறட்டும். உள்ளே ஒருவர் பலகையை அணைத்துப் பிடிக்க, வெளியே இருப்பவர் கரணையால் கலவையை வலைக்குள் அழுத்த வேண்டும். ஒரே நாளில் முடிப்பது நல்லது. நேற்றுப் பூச்சும் இன்றைப் பூச்சும் சேரும் கோடு நாளைக்கு ஒழுகும் கோடு. காலை ஐந்து மணிக்குத் தொடங்கி, எட்டுப் பேர், ராத்திரி ஒன்பதரைக்கு லைட் போட்டு முடித்தோம்.

தண்ணீர் காட்டுவதில்தான் திணறினேன். சாய்ந்த பரப்பில் சாக்கு நிற்கவில்லை, ஊற்றின தண்ணீர் அடுத்த நிமிஷம் தரையில் இருந்தது. கடைசியில் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயை எடுத்து உச்சியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன். பதினான்கு நாள் இரவு பகலாகக் கசிந்துகொண்டே இருந்தது. வேறெந்த யோசனையையும்விட இது எனக்குப் பிடித்த யோசனை.

வாசலும் வெளிச்சமும்

அடி வரிசையில் நிமிர்ந்து நிற்கும் முக்கோணங்கள் பத்து. மூன்று பக்கமும் நெட்டையானதும், இரண்டு பக்கம் குட்டையானதும் மாறி மாறி வரும். வாசலை மூன்று நெட்டை முக்கோணத்துக்குக் கீழே வையுங்கள், அதுதான் உயரம். இரண்டரை அடி அகலம், ஏழடி உயரக் கதவு பக்கத்துப் பைப்பு எதையும் வெட்டாமல் அதற்குள் அடங்கும். அடிப் பைப்பும் பெல்ட்டும் மட்டும் அறுபடும். அதற்கு ஈடாக இரண்டு பக்கமும் கான்கிரீட் தூண் நிறுத்தி, கீழே பிளின்த் பெல்ட்டோடும் மேலே லிண்டலோடும் பிணைக்க வேண்டும். கதவுக்கு மேலே டோம் ஏழு அங்குலம் உள்ளே சாய்ந்திருக்கும், அந்த இடுக்குக்கு ஒரு சின்னக் குல்லாய்க் கூரை.

ஜன்னலெல்லாம் நாலடிச் சுவரிலேயே, பெல்ட் நீட்டலுக்கு அடியில். நான் ஒரே ஒரு சபலத்துக்கு இடம் கொடுத்தேன். காலை வெயில் வரட்டுமே என்று கிழக்கில் ஒரு முக்கோணத்தைப் பூசாமல் விட்டுக் கண்ணாடி போட்டேன். அழகாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஒழுகுகிற ஒரே இடமும் அதுதான். மூன்று தடவை சிலிகான் வைத்தாயிற்று.

குடியிருப்பது

சூடான காற்று உச்சிக்குப் போகும், அங்கே வழி விடாவிட்டால் சித்திரையில் உள்ளே உட்கார முடியாது. உச்சி முடிச்சைச் சுற்றி இரண்டடி வட்டத்துக்குப் பூசாமல் விட்டு, விளிம்பை ஆறு அங்குலம் உயர்த்தி, கொசுவலை கட்டி, மேலே கால் வைத்த தகரத் தொப்பி போட்டேன். உச்சிப் போல்ட்டிலேயே ஐந்தடிக் கம்பி போட்டு ஃபேன் தொங்குகிறது. வெளியே வெள்ளைக் குளிர்ச்சிப் பெயின்ட். மேற்கே தள்ளி அவரைப் பந்தல். இத்தனையும் செய்தும் ஏப்ரல் மாதம் மதியம் இரண்டு மணிக்கு நான் வேப்பமரத்தடியில்தான் இருப்பேன். ஒன்றரை அங்குலத் தோல் வெயிலை அதிக நேரம் தடுக்காது.

சமையலையும் குளியலறையையும் டோமுக்குள் வைக்கவே கூடாது. ஒட்டினாற்போல நேர்ச்சுவர் அறையாகத் தனியே கட்டுங்கள். வளைந்த சுவரில் சிங்க் உட்காராது. தாளித்த வாசனை தலையணை வரை வரும். சத்தம் அதைவிட மோசம். நடுவில் நின்று பேசினால் நம் குரல் நம் காதுக்கே திரும்பி வரும், சுவரோரம் ஒருவர் முணுமுணுப்பது எதிர்ச் சுவரில் தெளிவாகக் கேட்கும். என் மகள் குடும்பத்தோடு வந்திருந்தபோது மருமகன் என் காபியைப் பற்றிச் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. பழைய சுங்குடிச் சேலைகளை மேலே அரைவட்டமாகத் தொங்கவிட்டு, தரையில் கோரைப்பாய் விரித்த பிறகு பரவாயில்லை.

பீரோ சுவரோடு ஒட்டாது, மேலே இடிக்கும். நாலடிக்கு உட்பட்ட சாமான்கள் மட்டும் ஓரத்துக்குப் போகும். அதற்குமேல் உயரமானது எதுவாக இருந்தாலும் நடுவே வந்துவிடும். நான் பீரோவை விற்றுவிட்டு, சுவரோடு கடப்பைக்கல் அலமாரி கட்டினேன்.

கடனை நம்பி இறங்காதீர்கள். நான் கேட்ட இடத்தில் இந்த மாதிரி வீட்டுக்கு மதிப்புப் போடத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வரி போட அளக்க வந்தவர் டேப்பை நீட்டி, "நீளம் எதும்மா, அகலம் எது?" என்று கேட்டார். ஆரத்தின் வர்க்கத்தை 2.94ஆல் பெருக்குங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவரும் போட்டுப் பார்த்துக்கொண்டார். உங்களுக்கும் தேவைப்படும், குறித்துக்கொள்ளுங்கள்.

காற்றைச் சொல்லாமல் விட்டேனே. நான்கு ஆடி பார்த்தாயிற்று. முட்டி நிற்க உயரமான சுவர் இல்லாததால் காற்று வழுக்கிக்கொண்டு போகிறது. உச்சித் தொப்பி மட்டும் ராத்திரியில் விசிலடிக்கும்.

கடைசியாக ஒன்று. புரட்டாசியில், மழைக்கு முன்னால், வருஷம் ஒரு தடவை மேலே ஏறி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் அடிக்க வேண்டும். உருண்டையான வீட்டில் ஏணியை எங்கே சாய்ப்பது? பூசுவதற்கு முன்னாலேயே பெல்ட்டுக்கு மேலே உள்ள பதினாறு முடிச்சிலும் சாதாரணப் போல்ட்டுக்குப் பதில் கண் வைத்த போல்ட் போட்டு, கண் பூச்சுக்கு வெளியே தெரிகிற மாதிரி விட்டுவிடுங்கள். கயிறு கட்டி ஏறலாம். எனக்கு இது பூச்சு நாள் காலை நாலரை மணிக்குத்தான் உறைத்தது. தம்பி ஸ்கூட்டரில் போய்ப் பட்டறையைத் திறந்து பதினாறு போல்ட் எடுத்து வந்தான்.